பூசணிக்கு வலுவான மருந்து எது? முதலில் காலைத் தெளிப்பை நிறுத்துங்கள்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் ஆறு குழிகளில் பூசணியும் இரண்டு குழிகளில் சுக்கினியும் போட்டிருக்கிறேன். முளைத்து நான்கைந்து நாளில் ஆரஞ்சு நிற வண்டுகள் வந்து இலைகளைச் சல்லடையாக்கிவிட்டன. மறுபடி விதைத்துக் கொசுவலை போட்டேன். வலைக்கு உள்ளேயே வண்டு வந்துவிட்டது. தப்பிப் பிழைத்த கொடிகள் இப்போது நன்றாகப் படர்ந்து பூக்கின்றன. ஆனால் பிஞ்சு எலுமிச்சை அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்கிறது. கொஞ்சம் பெரிதான காயை வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழுக்கள். இலைகளில் மாவு தூவியதுபோல் வெள்ளை படிகிறது. தினமும் காலை ஏழு மணிக்கு வேப்பெண்ணெய் அடிக்கிறேன், பலன் இல்லை. இதைவிட வலுவான மருந்து எது? போன ஆண்டும் இதே இடத்தில்தான் பூசணி போட்டிருந்தேன்.

பதில்: வலுவான மருந்து இப்போது எதுவும் வேண்டாம். காலையில் அடிக்கும் வேப்பெண்ணெயையும் நாளை முதல் நிறுத்திவிடுங்கள். உங்கள் கடிதத்தில் நான்கு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு, பிஞ்சு உதிர்வும் வெள்ளைப் படிவும், பூச்சியால் வந்தவை இல்லை. பிஞ்சு உதிர்வை உங்கள் காலைத் தெளிப்பே கூட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

பூசணி வகைகளுக்குப் பாதுகாப்பு, கொடியின் வயதுக்கு ஏற்ப மாற வேண்டும். முளைத்த முதல் மூன்று நான்கு வாரம் செடியை முழுதாக மூடி வைக்க வேண்டும். பெண் பூ தெரிந்ததும் முழுதாகத் திறந்துவிட வேண்டும். பிஞ்சு பிடித்ததும் காயை மட்டும் மறுபடி மூட வேண்டும். இந்த வரிசை தவறினால் எந்த மருந்தாலும் ஈடுகட்ட முடியாது. உங்கள் கொடிகள் இப்போது இரண்டாம், மூன்றாம் கட்டத்தில் நிற்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். வண்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அது அடுத்த விதைப்புக்கான பாடம்.

பிஞ்சு உதிர்வதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள, உதிர்ந்த நான்கைந்து பிஞ்சுகளை எடுத்து நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். தோலில் துளையோ பிசின் துளியோ இல்லாமல், உள்ளே புழு இல்லாமல், பூ இருந்த நுனியிலிருந்து சுருங்கி மஞ்சளாகி வந்திருந்தால் அது மகரந்தம் சேராத பிஞ்சு. எலுமிச்சை அளவிலேயே உதிர்பவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். பெண் பூவுக்குக் கீழே மொட்டுப் பருவத்திலேயே ஒரு குட்டிக் காய் இருப்பதால், காய் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அது இன்னும் காய் ஆகவில்லை. மகரந்தம் போதிய அளவு சேர்ந்தால் இரண்டு மூன்று நாளில் கண்ணுக்குத் தெரியும்படி பருக்கும். சேராவிட்டால் கொடி அதைக் கைவிட்டுவிடும்.

பூசணிப் பூவின் மகரந்தத் துகள் பெரியது, கனமானது, ஒட்டும் தன்மை உள்ளது. காற்று அதைக் கொண்டு போகாது. தேனீ போன்ற பூச்சிகள்தான் ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்குச் சுமக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு: பூ விடியும்போது விரிந்து, வெயில் ஏறுவதற்குள் கூம்பிவிடும். ஒரு பெண் பூவுக்கு அந்த ஒரு காலைதான் வாய்ப்பு. சரியாக அந்த நேரத்தில், ஏழு மணிக்கு, நீங்கள் எண்ணெய் தெளிக்கிறீர்கள். பூவுக்குள் விழும் ஈரம் மகரந்தத்தைக் கெடுக்கிறது. வேம்பின் நெடி தேனீயை விலக்குகிறது. சோப்பு கலந்த கரைசல் நேரே மேலே பட்டால் தேனீ செத்தும் போகும். எந்தத் தெளிப்பாக இருந்தாலும் மாலையில், வெயில் தாழ்ந்து பூக்கள் மூடிய பிறகே செய்யுங்கள்.

தேனீ வரத்து குறைவான தோட்டமானால் கையாலேயே மகரந்தம் சேர்த்துவிடலாம். எட்டுக் குழிகளுக்கு இது பத்து நிமிட வேலை. பூ விரிந்ததும், காலை ஒன்பது மணிக்குள் செய்துவிட வேண்டும். ஆண் பூ மெல்லிய நீண்ட காம்பில் நிற்கும். நடுவில் ஒற்றைத் தண்டுபோல மகரந்தப் பகுதி இருக்கும். பெண் பூவின் காம்பு குட்டையாக, அடியில் குட்டிக் காயோடு இருக்கும். நடுவில் சூல்முடி பல மடல்களாகப் பிரிந்திருக்கும். அன்று விரிந்த ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களை உரித்துவிட்டு, மகரந்தப் பகுதியைச் சூல்முடியின் எல்லா மடல்களிலும் மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் விதைகள் குறைவாகவே உண்டாகும். காய் கோணலாகவோ நுனி சூம்பியோ வளரும், பல சமயம் பாதியில் அழுகும். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும்.

உங்கள் தோட்டத்தில் பூசணியும் சுக்கினியும் இருப்பதால் ஒரு எச்சரிக்கை. வழக்கமான பூசணி ரகங்கள் பலவும் சுக்கினியும் ஒரே பேரினத்தின் வெவ்வேறு இனங்கள். பூசணியின் ஆண் பூவை எடுத்துச் சுக்கினிக்குத் தடவினால் காய் பிடிக்கும் என்று நம்ப முடியாது. பூசணிக்குப் பூசணி, சுக்கினிக்குச் சுக்கினி என்றே செய்யுங்கள்.

பூக்கத் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரம் ஆண் பூக்கள் மட்டுமே வந்து உதிர்வது இயல்பு. அதற்கு மருந்து தேட வேண்டாம். அதற்குப் பிறகும் பெண் பூ வராமல் கொடி கரும்பச்சையாக இலையை மட்டும் விட்டுக்கொண்டிருந்தால், தழைச்சத்து மிகுந்துவிட்டது என்று பொருள். யூரியா, கோழி எரு இரண்டையும் நிறுத்துங்கள். கடும் வெப்பமும் ஆண் பூக்களைக் கூட்டும். இன்னொன்று: ஒரு கொடி தாங்கக்கூடிய காய்கள் ஓரளவுதான். பெரிய ரகப் பூசணியில் இரண்டு மூன்று காய் திடமாகப் பிடித்துவிட்டால், பிறகு வரும் பிஞ்சுகளைக் கொடி தானாகவே உதிர்க்கும். அதையும் நோய் என்று எண்ணிக் கவலைப்பட வேண்டாம்.

இனி, வெட்டினால் புழு இருக்கும் காய்கள். அது பழ ஈயின் வேலை. பெண் ஈ இளம் பிஞ்சின் மென்மையான தோலைக் குத்தி, உள்ளே முட்டையிடும். குத்திய இடத்தில் முதலில் நீர்போலப் பிசின் கசிந்து, பழுப்பாகக் காயும். அந்த இடம் குழிந்து, காய் அந்தப் பக்கமாக வளையும். முட்டை ஓரிரு நாளில் பொரித்து, புழுக்கள் சதையைத் தின்னும். கூடவே அழுகலும் சேரும். நன்கு வளர்ந்த புழு காயை விட்டு வெளியேறி மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். வெப்பமான காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்குள் அடுத்த தலைமுறை ஈ வந்துவிடும்.

வேப்பெண்ணெய் இங்கே ஏன் தோற்கிறது என்பது இப்போது புரியும். முட்டையும் புழுவும் காய்க்குள்ளே, கூட்டுப்புழு மண்ணுக்குள்ளே இருக்கின்றன. வளர்ந்த ஈயோ பெரும்பாலான நேரம் உங்கள் கொடியில் இருப்பதில்லை. பக்கத்தில் உயரமாக நிற்கும் மக்காச்சோளம் போன்ற செடிகளிலும் புதர்களிலும் இலைகளுக்கு அடியில் தங்கிவிட்டு, முட்டையிட மட்டும் கொடிக்கு வந்து போகும். கொடி முழுக்க எந்த மருந்தை நனைய நனைய அடித்தாலும் ஈயைவிடத் தேனீதான் அதிகம் சாகும்.

வீட்டுத் தோட்டத்துக்கு மிக நம்பகமான வழி காய்க்கு உறை போடுவது. மகரந்தம் சேர்ந்த இரண்டாம் மூன்றாம் நாளில், பிஞ்சு பருக்கத் தொடங்கியது உறுதியானதும், ஒட்டியிருக்கும் வாடிய பூ இதழைக் கிள்ளி எறியுங்கள். ஈரமான நாட்களில் அந்த இதழிலிருந்துதான் நுனி அழுகல் தொடங்கும். பிறகு பழைய பருத்தித் துணியிலோ நெருக்கமான வலைத்துணியிலோ தைத்த பையைக் காயின் மேல் மாட்டி, காம்பில் நூலால் தளர்வாகக் கட்டுங்கள். மழை இல்லாத நாட்களில் இரண்டு அடுக்குச் செய்தித்தாள் பையே போதும். பை காயோடு ஒட்டி இறுக்கமாக இருக்கக் கூடாது. வலைத்துணி தோலைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஈ அதன் வழியாகவே குத்திவிடும். தொடக்கத்திலேயே பெரிய பையாகப் போட்டு, வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். பூசணியில் தோல் கெட்டிப்படும் வரை உறை வேண்டும். சுக்கினியைப் பூத்த ஒரு வாரத்துக்குள், 15 முதல் 20 செ.மீ. நீளத்தில் பறித்துவிடுவோம் என்பதால் ஐந்தாறு நாள் உறை போதும்.

பொறியும் வைக்கலாம். ஆனால் சரியான கவர்ச்சிப் பொருளைக் கேட்டு வாங்க வேண்டும். பூசணிக் குடும்பத்தைத் தாக்கும் பழ ஈக்கு க்யூலூர் வேண்டும். மாம்பழ ஈக்கு வைக்கும் மெத்தில் யூஜினால் பொறியில் இந்த ஈ வராது. மாம்பழப் பொறியைக் கொடியருகே தொங்கவிட்டுவிட்டு ஈ விழவில்லை, அதனால் ஈயே இல்லை என்று நம்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். உங்கள் அளவுத் தோட்டத்துக்கு ஒன்றிரண்டு பொறி போதும். தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை மீட்டர் உயரத்தில், தோட்டத்தின் ஓரத்தில் கட்டுங்கள். க்யூலூர் ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கும். ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் ஈக்கள் பக்கத்து இடங்களிலிருந்து வந்துகொண்டே இருக்கும். அதனால் பொறியை ஈயின் நடமாட்டத்தைத் தெரிவிக்கும் கருவியாக எடுத்துக்கொள்ளுங்கள். காப்பாற்றப் போவது உறைதான்.

பெண் ஈக்கு முட்டை முதிரப் புரதம் தேவை. புரத இரைக் கரைசல் அதை இழுக்கும். கடையில் கிடைக்கும் புரத இரையை அதன் பாக்கெட்டில் சொன்ன அளவில் கலந்து, ஓரத்தில் நிற்கும் உயரமான செடிகளின் இலை அடியில், இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாகத் தெளித்தால் போதும். பூசணிப் பூக்களின் மேல் விழக் கூடாது. வெல்லமும் ஈஸ்ட்டும் கலந்து நொதிக்கவைத்த நீரைப் பாட்டிலில் தொங்கவிடுவதும் ஓரளவு ஈர்க்கும். ஆனால் தினமும் திறந்து பாருங்கள். தேனீக்கள் விழுந்திருந்தால் உடனே அகற்றிவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, உதிர்ந்த காய்களை என்ன செய்கிறீர்கள் என்பது. புழு விழுந்த காயை உரக்குழியில் போட்டால், அடுத்த தலைமுறை ஈயை நாமே வளர்க்கிறோம். தினமும் ஒருமுறை சுற்றி வந்து உதிர்ந்ததையும் குத்துப்பட்டதையும் பொறுக்கி, தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, வாய் இறுகக் கட்டி, வெயிலில் இரண்டு வாரம் வையுங்கள். உள்ளிருக்கும் புழுக்கள் வெந்து செத்துவிடும். பை இல்லையென்றால் 60 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் புதைத்து மண்ணை இறுக மிதியுங்கள். மேலோட்டமாகப் புதைப்பது கூட்டுப்புழுவுக்கு வீடு கட்டிக்கொடுப்பதாகிவிடும். கொடிக்கு அடியில் உள்ள மண்ணை வாரம் ஒருமுறை வேர் படாமல் மேலாகக் கிளறிவிட்டால், கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் எறும்பிடமும் பறவையிடமும் மாட்டும். பக்கத்து வீட்டில் பாகலோ புடலோ இருந்தால் அவர்களிடமும் சொல்லிப் பாருங்கள், ஏனென்றால் ஈக்கு வேலி கிடையாது. ஜப்பானின் ஒகினாவா தீவுகளில் இந்த ஈயை ஒழிக்க, மலடாக்கிய ஆண் ஈக்களை ஆண்டுக்கணக்கில் பெருமளவு பறக்கவிட்டார்கள். 1972-இல் ஒரு தீவில் தொடங்கிய அந்த வேலை 1993-இல்தான் முடிந்தது. ஒரு வீட்டுத் தோட்டத்தால் ஈயை ஒழிக்க முடியாது. காயைக் காப்பாற்ற முடியும், அது போதும்.

அடுத்து வண்டு. நீங்கள் சொல்வது சிவப்புப் பூசணி வண்டு. 6 முதல் 8 மி.மீ. நீளம், மேலே ஆரஞ்சுச் சிவப்பு, அடிவயிறு கருப்பு. முளைத்ததும் விரியும் வித்திலையையும் முதல் இலைகளையும் துளைத்துத் தின்னும். நான்கைந்து இலை விட்ட கொடி, வண்டு தின்பதைவிட வேகமாக வளர்ந்துவிடும். அதற்கு முன்னால் வந்தால் ஓரிரு நாளில் நாற்றே காலி.

வலைக்குள்ளே வண்டு எப்படி வந்தது என்பதற்குப் பதில் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது: போன ஆண்டும் இதே இடம். வண்டு தண்டின் அடியில், ஈர மண்ணில் முட்டையிடும். வெளிறிய நிறப் புழு மண்ணுக்குள்ளேயே வேரைத் தின்று வளரும். தரையில் படுத்திருக்கும் காயின் அடியையும் துளைக்கும். கூட்டுப்புழுவாவதும் மண்ணிலேதான். பூசணிக் குடும்பச் செடி இருந்த மண்ணில் மறுபடி பூசணியை விதைத்து வலை போட்டால், மண்ணிலிருந்து வெளிவரும் வண்டை நாற்றோடு சேர்த்தே கூண்டில் அடைக்கிறோம். வலையின் கண் பெரிதாக இருந்தது காரணம் இல்லை. இந்த அளவு வண்டுக்குக் கொசுவலையே தாராளம்.

ஆகவே அடுத்த விதைப்பை வெள்ளரி, சுரை, பாகல், பீர்க்கு, புடல், தர்பூசணி எதுவும் போன இரண்டு ஆண்டில் இல்லாத இடத்தில் போடுங்கள். எல்லாம் ஒரே குடும்பம், வண்டுக்கு எல்லாமே ஒன்றுதான். வேறு இடமே இல்லையென்றால், அறுவடை முடிந்ததும் கொடிகளை வேரோடு அகற்றி, மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்திப் புரட்டி, கடும் வெயில் காலத்தில் நனைத்த மண்ணின் மேல் ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளைப் பரப்பி, ஓரங்களை மண்ணால் மூடி நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். கூடவே நாற்றைத் தனியாக வளர்ப்பது நல்லது. 10 செ.மீ. காகிதக் கோப்பையில் புதிய மண்கலவையில் விதைத்து, வலைக்குள் வைத்து, வித்திலைக்கு அடுத்து இரண்டு உண்மை இலை வந்ததும் வேர்க்கட்டி உடையாமல் குழியில் நடுங்கள். பூசணி வேர் அறுபட்டால் எளிதில் தேறாது. மூன்று வாரத்துக்கு மேல் கோப்பையில் வைத்திருக்க வேண்டாம்.

நட்ட அன்றே வளைத்த மூங்கில் குச்சிகளின் மேல் வலையை இலையில் படாமல் விரித்து, ஓரங்களைச் சுற்றிலும் மண்ணில் புதையுங்கள். கல் வைத்தால் இடுக்கில் நுழையும். வெள்ளை ஈத் தொல்லையும் உண்டென்றால் கொசுவலை போதாது, அங்குலத்துக்கு 40 கண் உள்ள பூச்சிவலை வேண்டும். முதல் பெண் மொட்டு கண்ணில் பட்டதும் வலையை எடுத்துவிடுங்கள். பாவம் என்று இன்னும் ஒரு வாரம் விட்டுவைத்தால் மறுபடி பிஞ்சு உதிர்வில்தான் முடியும்.

வலை இல்லாத செடிகளில், விடியற்காலைக் குளிர்ச்சியில் வண்டு மந்தமாக இருக்கும்போது, இலைக்கு அடியில் சோப்பு நீர்க் கிண்ணத்தைப் பிடித்துத் தட்டுங்கள், நேரே விழும். வெயில் ஏறிவிட்டால் கை போவதற்குள் பறந்துவிடும். சலித்த, ஆறிய விறகுச் சாம்பலைப் பனி ஈரத்தோடு இலையில் மெல்லியதாகத் தூவினாலும் வண்டு தின்பது குறையும். மழை பெய்தால் மறுபடி தூவ வேண்டும். தடிமனாகக் கொட்டினால் இளம் இலை கருகும்; பூத்த பிறகு தூவவே கூடாது.

இலையில் வட்டமான வெட்டுக்கோடும், பச்சையம் சுரண்டப்பட்டு நரம்பு மட்டும் மிஞ்சிய திட்டுகளும் இருந்தால் அது இன்னொரு பூச்சி, புள்ளி வண்டு. அதன் மஞ்சள் முட்டைக் கொத்துகள் இலைக்கு அடியில் நிற்கும். நசுக்கிவிடுங்கள், எட்டுக் குழிக்கு அதுவே போதும். நுனித் தண்டு திடீரென வாடி, அடித்தண்டில் மரத்தூள்போல் கழிவு வெளித்தள்ளியிருப்பது அமெரிக்கக் கண்டத்தில் காணப்படும் தண்டுத் துளைப்பானின் அடையாளம். அங்கே தோட்டம் போடுபவர்கள் தண்டை நீளவாக்கில் கீறிப் புழுவை எடுத்துவிட்டு, கீறிய இடத்தையும் அடுத்த கணுக்களையும் ஈர மண்ணால் மூட வேண்டும். கணுக்களில் புது வேர் விட்டுக் கொடி பிழைத்துக்கொள்ளும். இந்தத் துளைப்பான் இல்லாத இடங்களிலும் கணுக்களுக்கு மண் அணைப்பது கொடிக்கு நல்லதே.

வெள்ளைப் படிவுக்கு வருகிறேன். முதலில் விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவுபோல் ஒட்டி வந்தால் சாம்பல் நோய். ஒட்டாமல், நரம்போரமாக வெள்ளித் திட்டாக எல்லா இலையிலும் ஒழுங்காக இருந்தால் அது அந்த ரகத்தின் இயற்கை நிறம். பல பூசணி, சுக்கினி ரகங்களில் உண்டு. மேற்புறம் நரம்புகளுக்கு இடையே கோண வடிவ மஞ்சள் திட்டும், அடியில் சாம்பல் ஊதாப் பூஞ்சணமும் இருந்தால் அடிச்சாம்பல் நோய். அது ஈரத்தில் பரவுவது, அதற்கு வைத்தியம் வேறு.

சாம்பல் நோய்க்கு இலை நனைந்திருக்க வேண்டியதில்லை. மழையே இல்லாத நாட்களிலும் காற்றில் பரவும். நெருக்கமும் நிழலும் அதைக் கூட்டும். முழுதும் வெளுத்த அடியிலைகளை வெட்டி அகற்றுங்கள், ஒரே நாளில் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். இலை போனால் காய் வெயிலில் வெம்பும், இனிப்பும் குறையும். பிறகு பொட்டாசியம் பைகார்பனேட் லிட்டருக்கு 5 கிராம் வீதம், வாரம் ஒருமுறை மாலையில், இலையின் இரு புறமும் படும்படி தெளியுங்கள். அது கிடைக்காவிட்டால் ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து, இலைகளில் இன்னும் வெயில் படும் பின்மாலையில், பூக்கள் மூடிய பிறகு, வாரம் ஒருமுறை தெளிக்கலாம். 1999-இல் வெளியான பிரேசில் ஆய்வொன்றில், பசுமைக்குடிலில் வளர்ந்த சுக்கினியில் பால் கரைசல் இந்த நோயை நன்றாகக் கட்டுப்படுத்தியது. நோயின் தொடக்கத்தில்தான் இவை பயன்படும். பாதி இலை வெளுத்த பிறகு எதுவும் பழைய இலையைப் பச்சையாக்காது, புது இலைகளைத்தான் காக்க முடியும். நனையும் கந்தகத் தூளும் நல்ல மருந்துதான், லிட்டருக்கு 2 கிராம். ஆனால் நீங்கள் தினமும் எண்ணெய் அடித்திருக்கிறீர்கள். எண்ணெய் பட்ட இலையில் இரண்டு வாரத்துக்குள் கந்தகம் பட்டால் இலை தீய்ந்துவிடும். வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களிலும் பூசணி இலைக்குக் கந்தகம் ஆகாது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் பார்த்துவிடுங்கள். ஏதாவது கொடியில் நுனி இலைகள் பச்சையும் மஞ்சளுமாகத் தேமல் படிந்து, சுருங்கி, குறுகி, காயில் கொப்புளம்போல் மேடு தட்டியிருந்தால் அது நச்சுயிரி (வைரஸ்). குணமாக்க வழி இல்லை. பார்த்த அன்றே வேரோடு பிடுங்கிப் பையில் கட்டி அகற்றுங்கள். சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி, நோயுள்ள செடியில் குத்திவிட்டு அடுத்த செடியில் குத்திப் பார்க்கும் சில நொடிகளிலேயே இந்த வகை நச்சுயிரிகளில் பலவும் தொற்றிவிடும். மருந்து அசுவினியைக் கொல்வதற்கு முன்பே காரியம் முடிந்துவிடுவதால், தெளிப்பு இதைத் தடுப்பதில்லை. இளஞ்செடிகளுக்கு அடியில் வெள்ளி நிறத் தாளை மூடாக்காக விரித்தால், அது பிரதிபலிக்கும் ஒளியில் அசுவினியும் வெள்ளை ஈயும் இறங்கத் தயங்கும். நோய் தாமதப்பட்டாலே விளைச்சல் தப்பிவிடும்.

வேப்பெண்ணெயை முழுதாகக் கைவிடச் சொல்லவில்லை. அசுவினி, வெள்ளை ஈ போன்ற மென்உடல் பூச்சிகளுக்கு அது ஏற்றது. லிட்டர் நீருக்கு 5 மி.லி. எண்ணெய் போதும். எண்ணெயை முதலில் 1 முதல் 2 மி.லி. சோப்புத் திரவத்தோடு நன்றாகக் குழைத்து, பால்போல் ஆனதும் நீரில் கலக்க வேண்டும். நேரே நீரில் ஊற்றினால் மிதந்து, கடைசியில் தெளிக்கும் செடிக்கு மட்டும் எண்ணெயாகவே போய்ச் சேரும். கலந்ததை அன்றே தெளித்துவிடுங்கள். இலையின் அடிப்புறத்தில்தான் பூச்சி இருக்கும், அங்கே பட வேண்டும். இடைவெளி ஏழு முதல் பத்து நாள். தினமும் அடித்தால் இலைத் துளைகள் அடைபட்டு, வெயிலில் ஓரம் கருகும். உங்கள் இலைகளில் அந்தக் கருகலும் இருக்கலாம், பாருங்கள்.

வேரில் ஊற்றினால் பூச்சியே வராது என்று சொல்லி விற்கும் இமிடாக்ளோபிரிட், தயாமீதாக்சம் போன்ற ஊடுருவு மருந்துகளைப் பூசணிக்கு ஊற்றாதீர்கள். அவை சாறோடு ஏறிப் பூவின் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்ச் சேர்கின்றன. காய் பிடிக்கத் தேனீயையே நம்பியிருக்கும் பயிருக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை.

அடுத்த விதைப்புக்குக் குழி 45 செ.மீ. அகல ஆழத்தில் எடுத்து, நன்கு மக்கிய தொழு உரம் 10 கிலோவை மேல்மண்ணோடு கலந்து நிரப்புங்கள். பரவும் பூசணிக்குக் குழிக்குக் குழி 2 மீட்டர், புதராக வளரும் சுக்கினிக்கு 90 செ.மீ. நேரடியாக விதைத்தால் குழிக்கு நான்கு விதை, 2 செ.மீ. ஆழம், இரண்டு வாரத்தில் திடமான இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள், பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். 30-ஆம் நாள் குழிக்கு 22 கிராம் யூரியா போதும். ஏராளமாக எரு போட்ட குழிக்கு அதுவும் வேண்டாம். தண்ணீர் சதுர மீட்டருக்கு வாரம் 25 லிட்டர் என்ற கணக்கில், காலையில், அடியில் மட்டும் விடுங்கள். கடும் வெயிலில் கூட்டிக்கொள்ளலாம். நடுப்பகலில் அகன்ற இலைகள் தொங்குவது இயல்பு. விடிகாலையிலும் தொங்கினால்தான் வேரையும் தண்டையும் ஆராய வேண்டும். வளரும் காய்க்கு அடியில் காய்ந்த வைக்கோலோ ஓட்டுத் துண்டோ வையுங்கள். மண் ஈரமும் வண்டுப் புழுவும் தொடாது.

இந்தப் பருவத்தில் தப்பும் காயிலிருந்து விதை எடுத்து வைக்க நினைத்தால், முந்தின மாலையே ஒரு பெண் மொட்டையும் இரண்டு ஆண் மொட்டுகளையும் நூலால் கட்டி மூடி, காலையில் கையால் சேர்த்து, மறுபடி பெண் பூவைக் கட்டிவையுங்கள். கட்டாமல் விட்ட பூவில் பக்கத்திலுள்ள அலங்காரப் பூசணியின் மகரந்தம் சேர்ந்திருந்தால், அந்த விதையில் வளரும் கொடியின் காய் கடுங்கசப்பாக இருக்கலாம். அந்தக் கசப்பு நச்சு, சமைத்தாலும் போகாது. எந்தப் பூசணியானாலும் சுக்கினியானாலும் நாக்கில் வைத்ததும் கசந்தால் துப்பிவிட்டு, அந்தக் கொடியின் காய்கள் எதையும் சமைக்காதீர்கள்.